கடல் சுவரை உயர்த்தினால் மும்பைச் சாலைகள் தப்பிக்குமா?

ஆன்டாப் ஹில்லில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: 2050-க்குள் தென் மும்பையின் அலுவலகப் பகுதியான நரிமன் பாயிண்ட் மூழ்கிவிடும் என்று மாநகராட்சி கமிஷனரே ஒருமுறை சொன்னாரே, அப்படியென்றால் கடலோரத்தில் இத்தனை ஆயிரம் கோடி செலவில் கோஸ்டல் ரோடு போட்டது சரியா, கடல் சுவரை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் கட்டினால் போதாதா என்று. கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "எங்கள் தெருவைக் காங்கிரீட் போட்டு ஒன்றரை அடி உயர்த்திவிட்டார்கள். இப்போது தெரு காய்ந்து கிடக்கிறது, தண்ணீர் வீட்டுக்குள் நிற்கிறது." என்னைக் கேட்டால் உங்கள் நிஜமான கேள்வியே அதுதான். சாலையைக் காப்பாற்றுவது என்றால் அந்தத் தண்ணீரை யார் தலையில் கொண்டுபோய்க் கொட்டுவது?

நான் சிவில் இன்ஜினியர். வேலைக்காலத்தின் பெரும்பகுதி மும்பையில் சாலை, மழைநீர் வடிகால் வடிவமைப்பிலேயே போனது. கடலியல் என் துறை இல்லை. கடல் எவ்வளவு உயரும் என்பதை அந்தத் துறைக்காரர்கள் சொல்ல வேண்டும். உயர்ந்தால் சாலைக்கும் நாலா என்கிற பெரிய வடிகாலுக்கும் என்ன ஆகும் என்பதை நான் ஓரளவு சொல்லலாம்.

முதலில் ஒரு படத்தை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் மெரைன் டிரைவ் சுவரைத் தாண்டி அலை எகிறுவதும், குடையோடு ஜனங்கள் நின்று வேடிக்கை பார்ப்பதும் எல்லா டி.வி.யிலும் வரும். அதைப் பார்க்கிறவர்களுக்குக் கடல் சுவரேறி ஊருக்குள் வருவதுதான் ஆபத்து என்று தோன்றும். அப்படித் தெறிக்கிற தண்ணீர் மழைத் தண்ணீரோடு ஒப்பிட்டால் சொற்பம், அலை அடங்கியதும் வடிந்துவிடும். மும்பைச் சாலைகளை உண்மையில் முடக்குவது கடலுக்குப் போக வழியில்லாமல் நிற்கிற மழைநீர். கடல் அங்கே எதையும் தள்ளிக்கொண்டு வருவதில்லை. வடிகாலின் வாயை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான்.

இந்த ஊரில் மழைநீர் வடிகால்கள் கடலிலோ கழிமுகத்திலோ போய் விழுகிற இடங்கள் 186. அதில் 45 இடங்கள் சராசரிக் கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கின்றன. இன்னொரு 135, சராசரி மட்டத்துக்கு மேலே, ஆனால் ஹை டைடு மட்டத்துக்கு, அதாவது கடல் ஏறி நிற்கும் மட்டத்துக்கு, கீழே. எந்நேரமும் தடையில்லாமல் தண்ணீரைக் கொட்டக்கூடியவை மீதி 6 மட்டுமே. பிரிட்டிஷ்காரர்கள் காலத்து வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழைக்கு, அதுவும் லோ டைடு நேரத்தில் பெய்தால் என்ற கணக்கில் போட்டவை; பெய்த மழையில் பாதி மண்ணுக்குள் போய்விடும் என்றும் வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு மண் எங்கே இருக்கிறது? மும்பை மழைநீர் வடிகால்களைச் சீரமைப்பது பற்றி 1993-ல் வந்த பிரிம்ஸ்டோவாட் அறிக்கை இதை மணிக்கு 50 மி.மீ. என்று மாற்றச் சொன்னது, மண்ணுக்குள் எதுவும் போகாது என்றும் கணக்கு வைக்கச் சொன்னது. அந்த அறிக்கைக்கு உயிர் வந்தது 2005 ஜூலை 26-க்கு அப்புறம்தான். அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. கொட்டியது. ஊரின் தென்கோடியான கொலாபாவில் அதே நாள் 73 மி.மீ.

"இன்று 4.8 மீட்டர் ஹை டைடு, கவனம்" என்று செய்தி வரும்போது நிறையப் பேர் பயந்துவிடுகிறார்கள், ஏதோ 4.8 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தெருவில் நிற்கப்போகிறது என்று. அந்த அளவு துறைமுகக்காரர்கள் கப்பலுக்காக வைத்திருக்கும் ஒரு அடிமட்டத்திலிருந்து எடுத்தது. சராசரிக் கடல் மட்டமே அந்தக் கணக்கில் சுமார் 2.5 மீட்டர். ஆக 4.8 என்பது சராசரி மட்டத்துக்கு மேல் 2.3 மீட்டர். மாநகராட்சி வரைபடங்களோ டவுன் ஹால் டேட்டம் என்ற வேறொரு அடிமட்டத்தில் இருக்கும். துறைமுகக் கணக்கையும் மாநகராட்சிக் கணக்கையும் சரியாக மாற்றிப் போடாத ஒரு தாளை வைத்துக்கொண்டு நடக்கும் மீட்டிங்குகள் வேடிக்கையாக இருக்கும். அரை மீட்டர் கடல் உயர்வைப் பற்றித் திட்டம் போடுகிறவர்கள், முதலில் எல்லா உயரங்களையும் ஒரே அடிமட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதில் பிசகினால் மேற்கொண்டு போடுகிற கணக்கெல்லாம் வீண்.

இப்போது கடல் மட்ட உயர்வு எங்கே வந்து உறைக்கும் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இது புரிவதற்கான கணக்கு, எந்தக் குறிப்பிட்ட வடிகாலுக்கும் உரியது இல்லை. ஒரு வடிகால் வாய் சராசரிக் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டரில் இருக்கிறது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல் சராசரிக்கு மேல் 2 மீட்டர் ஏறி, 2 மீட்டர் இறங்குகிறது. ஒரு ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றத்துக்குச் சுமார் 12 மணி 25 நிமிடம். இதில் வடிகாலின் வாய் கடலுக்குள் மூழ்கியிருப்பது ஏறக்குறைய 4 மணி 10 நிமிடம். கடல் 20 செ.மீ. உயர்ந்தால் அது 4 மணி 35 நிமிடம் ஆகிறது. 50 செ.மீ. உயர்ந்தால் 5 மணி 10 நிமிடம். ஒரு மீட்டர் உயர்ந்தால் பாதி நேரம், அதாவது 6 மணி 10 நிமிடம், அது மூடியே கிடக்கும். ஒரு நாளைக்கு இரண்டு முறை. கடல் ஒரு சொட்டுக்கூடச் சுவரைத் தாண்டவில்லை, மழையும் ஒரு மி.மீ. கூடவில்லை, ஆனாலும் தண்ணீர் நிற்கிற நேரம் கூடிவிட்டது. சுவரை எவ்வளவு உயர்த்தினாலும் இந்தக் கணக்கு மாறாது.

வாய் மூடிய நேரத்தில் என்ன செய்வது? கேட்டை இறக்கிக் கடல் உள்ளே வராமல் அடைத்துவிட்டு, உள்ளே சேர்கிற தண்ணீரைப் பம்ப் வைத்து வெளியே தள்ள வேண்டும். பிரிம்ஸ்டோவாடில் எட்டு பம்பிங் ஸ்டேஷன்கள் சொல்லியிருந்தார்கள். ஹாஜி அலி, இர்லா, லவ் குரோவ், கிளீவ்லேண்ட் பந்தர், பிரிட்டானியா, கஜ்தர்பந்த் ஆகிய ஆறு வந்துவிட்டன. மோக்ராவும் மாஹுலும் வருடக்கணக்கில் இழுபறியாகவே கிடந்தன. கிங்ஸ் சர்க்கிள், சயான், செம்பூர் பக்கத்துத் தண்ணீருக்காகத் திட்டமிட்டதுதான் இந்த மாஹுல். உப்பள நிலம் கிடைப்பதில் சிக்கல் என்று அதன் கதை நீண்டது. மாட்டுங்கா காந்தி மார்க்கெட்டில் ஒவ்வொரு மழைக்கும் முழங்கால் தண்ணீரில் நடந்தவர்கள் இதைப் படித்தால் பெருமூச்சு விடுவார்கள். பெரிய பம்ப் ஒன்று வினாடிக்கு 6,000 லிட்டர் தள்ளும். கேட்கப் பிரமாதமாக இருக்கும். மணிக்கு 50 மி.மீ. மழையில் ஒரு ஹெக்டேரில் 5 லட்சம் லிட்டர் சேர்கிறது. அந்தக் கணக்கில் ஒரு பம்ப் சுமார் 43 ஹெக்டேருக்குத்தான் காணும். இந்த ஊரில் மணிக்கு 50 மி.மீ.க்கு மேல் அடிக்கிற மழை அபூர்வமும் இல்லை.

அதனால்தான் 'கடலோரச் சாலை' எது என்பதைக் கடற்கரைக்கு எத்தனை தூரம் என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்று சொல்வேன். தாதர் ஹிந்த்மாதாவில் நின்றால் கடல் கண்ணுக்கே தெரியாது. ஆனால் அந்தக் கிண்ணம் போன்ற பள்ளத்தின் தண்ணீர் கிழக்கே ரே ரோடு பக்கம் பிரிட்டானியா வாய்க்குத்தான் போயாக வேண்டும். அங்கே கடல் ஏறினால் இங்கே அம்பேத்கர் ரோடு நிற்கிறது. கே.இ.எம்., டாடா மெமோரியல், வாடியா ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற வழி அது. கே.இ.எம். அவசரப் பிரிவுக்கு ஆம்புலன்ஸ் போகும் வழி என்பதால், நான் பட்டியல் போட்டால் மெரைன் டிரைவுக்கு முன்னால் அம்பேத்கர் ரோடு வரும்.

சரி, கடல் எவ்வளவு உயரும்? இதில் உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்கிறேன். உலக சராசரியாக 1901-லிருந்து 2018 வரை கடல் சுமார் 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது, கடைசிப் பகுதியில், 2006 முதல் 2018 வரை, வேகம் ஆண்டுக்கு 3.7 மி.மீ. ஆகக் கூடியிருக்கிறது. ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கை சொல்வது இது, இதில் சண்டை இல்லை. 2050 வரைக்குமான கணிப்பும் ஓரளவு நம்பலாம்: புகை குறைத்தாலும் குறைக்காவிட்டாலும் 1995–2014 சராசரியைவிட 20 செ.மீ. சுற்றிலும். அதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது. 2100-ல் மிகக் குறைந்த புகை என்றால் 28 முதல் 55 செ.மீ., மிக அதிகம் என்றால் 63 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை. பனித்தகடுகள் எதிர்பாராத விதமாகச் சரிந்தால் 2 மீட்டரை நெருங்குவதையும் தள்ளிவிட முடியாது என்கிறது அதே அறிக்கை. அப்புறம், மும்பைக்கே உரிய ஒரு சிக்கல். அப்பல்லோ பந்தரில் 1878 முதல் ஓத அளவு, அதாவது கடல் ஏற்ற இறக்க அளவு, எடுக்கிறார்கள், உலகத்தின் பழைய பதிவுகளில் ஒன்று. அந்த நீண்ட பதிவில் உயர்வு ஆண்டுக்கு ஒரு மி.மீ.க்கும் சற்றுக் குறைவு. இதைக் காட்டி "மும்பைக்கு ஒன்றும் ஆகாது" என்கிறவர்கள் உண்டு. நூறு வருடச் சராசரி சமீபத்து வேகத்தைக் காட்டாது. தவிர அந்த அளவுமானி ஒரே இடத்தில் நிற்கிறது. கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம் தானாகவும் அமுங்கும், இடத்துக்கு இடம் வேறு வேறு அளவில். கடல் உயர்வதும் நிலம் அமுங்குவதும் சாலைக்கு ஒன்றுதான்.

நரிமன் பாயிண்ட் விஷயம்: 2021 ஆகஸ்டில் அப்போதைய கமிஷனர் இக்பால் சிங் சஹல், 2050-க்குள் நரிமன் பாயிண்ட், மந்திராலயா (மாநிலத் தலைமைச் செயலகம்) பகுதியில் 80 சதவீதம் தண்ணீருக்கடியில் போய்விடும் என்று பேசினார். இது போன்ற பேச்சுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது நிலத்தின் உயரத்தைக் கணினியில் வைத்துப் போடும் படங்கள். வருடத்தில் ஒருமுறை வரக்கூடிய பெரிய வெள்ள மட்டத்துக்குக் கீழே எந்த நிலம் இருக்கிறது என்று நிறம் தீட்டுவார்கள். ஏற்கெனவே இருக்கும் சுவர், கேட், பம்ப் எதுவும் அந்தப் படத்தில் வராது. விண்வெளியிலிருந்து எடுத்த பழைய உயர அளவுகளில் இன்னொரு கோளாறு: அவை கட்டடத்தின் மொட்டை மாடியையும் மரத்தின் உச்சியையும் தரை என்று எடுத்துக்கொள்ளும். அதைத் திருத்திய படம் 2019-ல் வந்தபோதுதான் ஆபத்துப் பகுதி சட்டென்று பெரிதாகத் தெரிந்தது. எங்கே கவனமாகப் பார்க்க வேண்டும் என்று காட்ட இந்தப் படங்கள் நல்ல உதவி. எந்த வருடம் எந்தத் தெரு மூழ்கும் என்று ஜோசியம் கேட்க முடியாது. 20 செ.மீ. உயர்வில் நரிமன் பாயிண்ட் நிரந்தரமாகக் கடலாகிவிடும் என்பதை நான் நம்பவில்லை. அங்கே தண்ணீர் நிற்கிற நாட்கள் கூடும் என்பதை நம்புகிறேன். 2020 ஆகஸ்ட் 5-ல் கொலாபாவில் ஒரே நாளில் 331.8 மி.மீ. பெய்து, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் காற்றும் அடித்து, வழக்கமாகத் தண்ணீர் தேங்காத தென் மும்பைத் தெருக்கள் தேங்கினவே, அது போன்ற நாட்கள்.

இனி கோஸ்டல் ரோடு. பிரின்சஸ் ஸ்ட்ரீட் மேம்பாலத்திலிருந்து வொர்லி வரை 10.58 கி.மீ.; மலபார் ஹில்லுக்கு அடியில் 2 கி.மீ. சொச்சத்துக்கு இரட்டைச் சுரங்கம். முதல் பகுதி 2024 மார்ச்சில் திறந்தது. புதிதாகக் கட்டியது, பாறைக்கல் அடுக்கிய சுவர் இருக்கிறது. கடல் உயர்ந்து இந்த ஊரில் முதலில் முடங்கப்போகும் சாலை அதுவாக இருக்காது என்பது என் கணிப்பு. சுரங்க வாய்களை மட்டும் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும், பள்ளத்தில் இறங்குகிற இடம் எல்லாவற்றிலும் தண்ணீரும் இறங்கும். எனக்கிருக்கும் கவலை அதன் முதுகுப் பக்கத்தில். நிலத்தைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போனால், அங்கே விழுந்துகொண்டிருந்த வடிகால்களையும் நீட்ட வேண்டும். நீளம் கூடுகிறது, சரிவுக்கு இருக்கிற உயரம் மட்டும் அப்படியே. அதாவது வடிகால் இன்னும் தட்டையாகிறது, வண்டல் சீக்கிரம் படிகிறது. சாலை பாதுகாப்பாக நின்று, பின்னாலிருக்கிற தெருக்கள் நனைந்தால் அதைத் திட்டம் வெற்றி என்று எழுதக் கூடாது. வொர்லி கோலிவாடா மீனவர்கள் படகு போக இடம் வேண்டும் என்று போராடி, பாலத் தூண்களுக்கு நடுவே 120 மீட்டர் இடைவெளி வாங்கினார்கள். வடிகாலுக்காக அப்படி யாரும் போராட மாட்டார்கள், அதற்குப் படகும் இல்லை, சங்கமும் இல்லை.

சுவரைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னை எண்ணூர் விரைவுச் சாலை தெரியும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு தெற்கிலிருந்து வடக்கே போகிற மணல் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் தின்றுகொண்டே வந்தது. கல்லைக் கொட்டிச் சாலையைக் காப்பாற்றினார்கள், அரிப்பு வடக்கே நகர்ந்தது. ஆந்திராவில் உப்பாடா கடற்கரைச் சாலையும் எத்தனையோ முறை உடைந்து, எத்தனையோ முறை கல்லும் மணல் குழாயும் போட்டுச் சரிசெய்ததுதான். மும்பையின் பாறைக்கரையில் மணல் ஓட்டம் அவ்வளவு இல்லை, அதனால் சுவர் இங்கே அந்த அளவுக்குத் தீங்கு செய்யாது. தேவையான இடத்தில் சுவர் வேண்டும்தான். ஆனால் சுவருக்குள்ளே மழை பெய்கிறதே.

சாலையை உயர்த்துவதும் அப்படித்தான், உங்கள் தெருவில் நடந்தது போல. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு மும்பையின் பல தெருக்கள் வாசல்படிக்கு மேலே ஏறிவிட்டன. தாராவியிலும் ஆன்டாப் ஹில்லிலும் படியேறிப் போன வீடுகளுக்கு இப்போது படியிறங்கிப் போகிறார்கள். மயாமி பீச்சிலும் கடலுக்குப் பயந்து தெருக்களை உயர்த்தினார்கள், பம்பும் வைத்தார்கள். அங்கேயும் தெருவைவிடத் தாழ்ந்துபோன கடைக்காரர்கள் இதே புகாரைத்தான் சொன்னார்கள். சாலையை உயர்த்தலாம், ஆனால் உயர்த்துவதற்கு முன் பக்கத்து மனைகளின் தண்ணீருக்குத் தனி வடிகாலும், அது போய்ச் சேர இடமும் தயாராக இருக்க வேண்டும். வேலை வரிசையில் சாலை கடைசி.

இன்னொரு விஷயம் வெளியே தெரியாது. சாலை கெட்டுப்போக அது மூழ்க வேண்டும் என்பதில்லை. கடல் உயர்ந்தால் நிலத்தடி நீரும் கூடவே மேலே வரும். சாலையின் அடிமண் தண்ணீர் மட்டத்துக்கு மேலே பொதுவாக 0.6 முதல் 1 மீட்டராவது இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடைவெளி சுருங்கினால் அடியிலிருக்கும் ஜல்லியும் மண்ணும் ஊறி வலுவிழக்கும், மேலே குழி விழும். சாலைக்கு அடியில் தண்ணீர் போகிற கல்வெர்ட்டுகளில் உப்பு புகுந்து கம்பியைத் தின்னும். கத்ரீனா புயலுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸில் மூழ்கிக் கிடந்த தார்ச் சாலைகளைச் சோதித்தபோது, மேலே பார்க்க நன்றாக இருந்தவையும் வலுவிழந்திருந்தன. தண்ணீர் வடிந்த மறுநாளே டம்பர் லாரிகளை விட்டால் மிச்சமும் போகும். இரண்டு நாள் கனரக வண்டிகளைத் திருப்பி விடுவது காசில்லாத வைத்தியம், ஆனால் யாரும் செய்வதில்லை.

திட்டம் என்று உட்கார்ந்தால் நான் முதலில் கேட்பது, கட்டப்போகும் பொருளின் ஆயுள். மேல்தளத் தாருக்கு 15, 20 வருடம்; அதற்கு 2100-ஐ நினைத்துச் செலவழிப்பது வீண், அடுத்த முறை போடும்போது திருத்திக்கொள்ளலாம். பாலம், வடிகால் வாய், பம்பிங் ஸ்டேஷன் அஸ்திவாரம் இவை நூறு வருடம் நிற்பவை. இவற்றுக்கு மோசமான கணிப்பையே எடுக்க வேண்டும், அல்லது பிற்பாடு இன்னொரு பம்ப் வைக்க இடமாவது விட்டுவைக்க வேண்டும். லண்டனில் தேம்ஸ் நதிக்குப் போட்ட 2100 திட்டம் இந்த வகையில் எனக்குப் பிடித்தது. எந்த வருடம் எதைக் கட்டுவது என்று தேதி குறிக்காமல், கடல் இந்த மட்டத்தைத் தொட்டால் இந்த வேலையைத் தொடங்கு என்று மட்டத்தோடு கட்டிவைத்தார்கள். கணிப்பு தப்பினாலும் திட்டம் கெடாது. நம் ஊரில் இதைச் செய்ய, கேட் மூடிய மணி நேரங்களை வருடாவருடம் எழுதி வைத்தாலே ஆரம்பித்துவிடலாம்.

சில சாலைகளை விட்டுக்கொடுக்கவும் வேண்டியிருக்கும். அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவில் ரோடாந்தே ஊருக்கருகே கடற்கரைச் சாலையைக் காத்துக் காத்துச் சலித்து, 2022-ல் உட்புறக் காயலின் மேல் பாலம் கட்டிச் சாலையை நகர்த்திவிட்டார்கள். மும்பையில் நகர்த்த இடம் ஏது? இங்கே செய்யக்கூடியது, மழை நேரத்தில் ஒரு சாலையையோ மைதானத்தையோ தண்ணீருக்கென்று ஒதுக்குவது. ஹிந்த்மாதா தண்ணீருக்காகப் பரேலிலும் தாதரிலும் மைதானங்களுக்கு அடியில் தொட்டிகள் கட்டினார்களே, அந்த வழி. ஹை டைடு முடிகிற வரை பிடித்து வைத்து, பிறகு விடுவது. மேலே சொன்ன 25 நிமிடம், ஒரு மணி நேரக் கூடுதலைச் சமாளிக்க இது பம்பைவிட நம்பகமானது, கரண்ட் போனாலும் தொட்டி தொட்டிதான். மாஹிம் கழிமுகத்திலும் தானே கழிமுகத்திலும் மிச்சமிருக்கும் சதுப்புக்காடும் உப்பளமும் இதே வேலையை இலவசமாகச் செய்துகொண்டிருக்கின்றன. அவற்றில் மண் கொட்டிவிட்டுத் தொட்டி கட்டுவது எனக்குப் பிடிபடாத கணக்கு.

இப்போது உங்கள் தெரு. வார்டு ஆபீஸில் மழைநீர் வடிகால் பிரிவுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். மூன்று கேள்வி போதும்: காங்கிரீட் போடுவதற்கு முன்னும் பின்னும் தெருவின் மட்டம் டவுன் ஹால் டேட்டத்தில் எவ்வளவு, உங்கள் தெரு வடிகால் எந்த வாயில் போய் விழுகிறது, அந்த வாயின் அடிப்பகுதி எந்த உயரத்தில் இருக்கிறது, அதற்குக் கேட் உண்டா என்பது. பதில் வந்தால், தண்ணீர் நின்ற நாட்களின் தேதியையும் நேரத்தையும் அன்றைய ஹை டைடு நேரத்தோடு பொருத்திப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் உங்கள் பிரச்சினை கேட்டிலும் பம்பிலும் இருக்கிறது. லோ டைடிலும் நின்றால் தெருவோர வடிகால் அடைத்திருக்கிறது, அல்லது காங்கிரீட் போட்டவர்கள் உங்கள் பக்கத்து வழியை மூடிவிட்டார்கள். அதை ஒப்பந்தக்காரரின் உத்தரவாதக் காலம் முடிவதற்குள் எழுத்தில் கேளுங்கள். ஸொசைட்டி லெட்டர்ஹெட்டில், மட்டங்களைக் குறிப்பிட்டு.